உரிமம் இல்லாத கேசட் கோளாறு செய்கிறதா? அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

சோனிக் ஆட்டத்தில் மாரியோவை ஓடவிட்டு 1994இல் நிண்டெண்டோவின் ஜப்பானியக் கன்சோலான ஃபேமிகாமுக்கு வந்த ‘சோமாரி’யும், மாரியோ கார்ட் பாத்திரங்களைச் சண்டைக்கு இறக்கி 1993இல் வந்த ‘கார்ட் ஃபைட்டர்’உம் தைவானின் ஹம்மர் டீம் செய்தவை. நிண்டெண்டோவிடமோ சேகாவிடமோ அனுமதி கேட்காமல் பிறந்த இத்தகைய ஆட்டங்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. அவற்றின் கேசட் கோளாறு செய்யும்போது அசல் கேசட்டுக்கு எழுதப்பட்ட வழிமுறைகள் பாதி தூரம்தான் உதவும். மீதிப் பாதிக்காகத்தான் இது.

காரணங்கள் மூன்று வகை. ஒன்று, அழுக்கும் மின்சாரமும். இரண்டு, கேசட்டும் கன்சோலும் ஒன்றுக்கொன்று பொருந்தாதது. மூன்று, தயாரிக்கும்போதே அது அப்படித்தான் செய்யப்பட்டது. மூன்றாவதைப் பலரும் யோசிப்பதில்லை. இல்லாத கோளாறைத் தேடிக் கேசட்டை உடைத்துத் திறந்து, நன்றாக இருந்ததையும் கெடுத்துவிடுகிறார்கள். அதனால் சால்டரிங் இரும்பைத் தொடுவதற்கு முன், கேசட் கொஞ்சமாவது ஓடுகிறது என்றால், உள்ளே இருப்பதை ஒரு டம்ப் எடுத்து, அதாவது அப்படியே கணினிக் கோப்பாக நகலெடுத்து, வையுங்கள். அசல் ஆட்டங்களுக்கு நல்ல டம்ப் ஏற்கெனவே இருக்கும். உரிமம் இல்லாத ஆட்டத்தில் உங்கள் கையில் இருக்கும் பதிப்பு வேறு எங்கும் பதிவாகாததாக இருக்கலாம். நான் இதில் விடாப்பிடியாக இருப்பேன்: டம்ப் முதலில், பழுது பிறகு.

திரை ஒரே நிறத்தில் நிற்கிறது

டிவியில் ‘சிக்னல் இல்லை’ என்று வருவதும், சாம்பல் போன்ற ஒரே நிறம் வருவதும் வேறு வேறு. முதலாவது என்றால் கேசட்டை விட்டுவிட்டு அடாப்டரையும் வீடியோ கேபிளையும் பாருங்கள். இரண்டாவது என்றால் படம் அனுப்பும் சிப் வேலை செய்கிறது. கேசட்டிலிருந்து சரியான தகவல் மட்டும் வந்து சேரவில்லை.

அடாப்டரில் ஒரு எச்சரிக்கை. ஜப்பானிய ஃபேமிகாமுக்கு 10 வோல்ட் டிசி வேண்டும், பிளக்கின் நடுமுனை நெகட்டிவ். அதன் அமெரிக்க வடிவமான என்இஎஸ்ஸுக்கு வந்த அடாப்டர் 9 வோல்ட் ஏசி. அதை ஃபேமிகாமில் சொருகினால் பெட்டியே போய்விடும். நகல் கன்சோல்களில் வோல்டேஜும் முனையும் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். பெட்டியின் அடியில் அச்சிட்டிருப்பதை மட்டும் நம்புங்கள். பிளக் சரியாகப் பொருந்துகிறது என்பது எந்த உத்தரவாதமும் அல்ல.

கேசட் பக்கம் வந்தால், 90 சதவீதத்துக்கு மேல் தூய்மையான ஐசோபுரோபைல் ஆல்கஹாலைப் பஞ்சுக்குச்சியில் தொட்டு, பின்களை நீளவாக்கில் துடைத்து, முழுதாகக் காயவிடுங்கள். கறை போகவில்லை என்றால் வெள்ளை அழிப்பானால் மெல்லத் தேய்க்கலாம். உப்புத்தாள் வேண்டவே வேண்டாம். இந்தக் கேசட்டுகளில் பின் மேல் பூசிய உலோகம் மிக மெல்லியதாக இருக்கும், இரண்டு தேய்ப்பில் செம்பு தெரிந்துவிடும். வாயால் ஊதுவதையும் நிறுத்துங்கள். எச்சில் ஈரம் பின்களை அரிக்கும். ஊதியதும் ஓடியது போல் தோன்றினால், கேசட்டை எடுத்து மறுபடி சொருகியதால் ஓடியிருக்கும்.

துடைத்தும் ஓடவில்லையா? போர்டின் தடிமனும் வெட்டும் அசலைப் போல் துல்லியமாக இருக்காது. கேசட்டை அழுத்திய பிறகு ஒரு மயிரிழை மேலே தூக்கிவிட்டு ஆன் செய்து பாருங்கள். பல நேரம் இதுவே போதும். ஒவ்வொரு முறையும் பவரை அணைத்த பிறகே கேசட்டை அசைக்க வேண்டும்.

கேம்பாயில் லோகோ குழம்பி வருகிறது

கேம்பாய் ஆன் ஆனதும் கேசட்டில் பதிந்திருக்கும் நிண்டெண்டோ லோகோவைப் படித்துத் திரையில் இறக்கும். பிறகு அது தன்னிடம் உள்ள பிரதியோடு ஒத்துப்போகிறதா என்று சரிபார்க்கும். ஒத்துப்போகாவிட்டால் அங்கேயே நின்றுவிடும். லோகோவுக்குப் பதில் கறுப்புப் பட்டை இறங்கினால் கேசட்டிலிருந்து எதுவுமே படிக்கப்படவில்லை. கிறுக்கலாக இறங்கினால் சில பின்கள் மட்டும் தொடர்பில் இல்லை. இரண்டுக்கும் முதல் மருந்து மேலே சொன்ன துடைப்புதான்.

கேம்பாய் அட்வான்ஸில் ‘கேம் பாய்’ என்ற எழுத்து மட்டும் வந்து, கீழே நிண்டெண்டோ பெயர் வராமல் நின்றால் பொருள் அதுவே: கேசட் படிக்கப்படவில்லை.

என்இஎஸ்ஸில் சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரிகிறது

விநாடிக்கு ஒரு முறை விளக்கும் திரையும் சேர்ந்து மினுங்கினால் அது பூட்டுச் சிப்பின் வேலை. கேசட்டில் அதன் ஜோடிச் சிப் பதில் சொல்லாவிட்டால் கன்சோல் தன்னைத்தானே ரீசெட் செய்துகொண்டே இருக்கும். அழுக்காலும் இது வரும். ஆனால் துடைத்த பிறகும் தொடர்ந்தால் கேசட்டின் பிறப்பைப் பாருங்கள். 60 பின் ஃபேமிகாம் கேசட்டை 72 பின் என்இஎஸ்ஸில் போட வெறும் கம்பி இணைப்பு கொண்ட அடாப்டரைப் பயன்படுத்தினால் பூட்டு திறக்காது. சிப் உள்ள அடாப்டர்தான் வேண்டும்.

உரிமம் பெறாத சில நிறுவனங்கள் பூட்டுச் சிப்பை மின் அதிர்ச்சியால் திகைக்க வைக்கும் சுற்றைக் கேசட்டுக்குள் வைத்தன. நிண்டெண்டோ பின்னாளில் கன்சோல் போர்டை மாற்றி அதைத் தடுத்தது. ஒரே கேசட் ஒரு என்இஎஸ்ஸில் ஓடி, அதே மாதிரியான இன்னொன்றில் மினுங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். கேசட்டில் எந்தத் தவறும் இல்லை. 1993இல் வந்த, மேலிருந்து கேசட் சொருகும் மாடலில் பூட்டுச் சிப்பே கிடையாது, அதில் போட்டுப் பாருங்கள். பழைய மாடலில் அந்தச் சிப்பின் 4ஆம் காலைத் துண்டித்துக் கிரவுண்டோடு இணைப்பது பலரும் செய்யும் தீர்வு. நிதானமான கை இருந்தால் செய்யலாம்.

சேகாவின் மெகா டிரைவ் கன்சோலில் இதற்கு ஒரு ஒன்றுவிட்ட சொந்தம் உண்டு. பிந்தைய மெகா டிரைவ்கள், ஆட்டம் ஆரம்பத்தில் ‘சேகா’ என்ற எழுத்துகளைக் குறிப்பிட்ட இடத்தில் எழுதாவிட்டால் திரையைத் திறப்பதில்லை. அதைச் செய்யாத ஆட்டம் முதல் தலைமுறைப் பெட்டியில் மட்டும் ஓடும்.

படம் கறுப்பு வெள்ளை, அல்லது ஆட்டம் மந்தமாக ஓடுகிறது

நிறத்தையும் வேகத்தையும் முடிவு செய்வது கன்சோல், கேசட் அல்ல. டிவி நிறத்தை அனுப்பும் முறைகள் இரண்டு: ஜப்பான், அமெரிக்காவின் என்டிஎஸ்சி (NTSC), ஐரோப்பா, இந்தியாவின் பால் (PAL). என்டிஎஸ்சி நிறத்தை அனுப்பும் பெட்டியைப் பால் முறை மட்டும் தெரிந்த டிவியில் இணைத்தால் நிறம் போய்விடும். டிவி மெனுவில் நிற முறையை ‘ஆட்டோ’வில் வைத்துப் பாருங்கள்.

வேகம் கொஞ்சம் நுட்பமானது. என்டிஎஸ்சி கன்சோல் விநாடிக்கு ஏறத்தாழ 60 படம் காட்டும். பால் கன்சோல் 50தான் காட்டும். ஃபேமிகாமுக்காக எழுதிய ஆட்டம் பால் என்இஎஸ்ஸில் ஆறில் ஒரு பங்கு மந்தமாகும், இசையும் இழுத்துப் பாடும். அதோடு பால் என்இஎஸ்ஸில் பிராசசருக்கும் படச் சிப்புக்கும் உள்ள வேக விகிதமே வேறு என்பதால், ஸ்கோர் பட்டை நடுங்குவதும் பின்னணி கிழிவதும் நடக்கும். ரஷ்யாவில் 1992 முதல் விற்ற டெண்டி போன்ற நகல் கன்சோல்கள் இதற்கு ஒரு நல்ல வழி கண்டன. 50 படம்தான், ஆனால் விகிதம் ஃபேமிகாமுடையது. பால் என்இஎஸ்ஸில் நடுங்கும் கேசட் டெண்டி வகைப் பெட்டியில் நேராக ஓடினால் கோளாறு தீர்ந்தது என்று எடுத்துக்கொள்ளலாம்.

இசை கேட்டதுபோல் இல்லை

வேகம் சரி, சுருதியும் சரி, ஆனால் ஒலியின் நிறம் மட்டும் வேறாக இருக்கிறதா? பழைய நகல் கன்சோல்களின் ஒலிச் சிப்பில் சதுர அலையின் இரண்டு அகலங்கள், 25 சதவீதமும் 50 சதவீதமும், இடம் மாறி அமைந்துவிட்டன. கன்சோலைத் திறக்க வேண்டாம். அந்தப் பெட்டியோடு வளர்ந்தவர்களுக்கு அதுதான் சரியான இசை, அசல் ஃபேமிகாமில் கேட்டால் அவர்களுக்கு ஏதோ தப்பாகப் படும்.

மெனுவில் ஆயிரக்கணக்கில் ஆட்டம், ஆனால் ஒன்றே திரும்பத் திரும்ப வருகிறது

இது கோளாறு அல்ல. ‘9999999 இன் 1’ என்று அட்டை சொன்னாலும் உள்ளே இருப்பவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. மீதியெல்லாம் அதே ஆட்டம் வேறு நிலையிலோ, கூடுதல் உயிர்களோடோ, நிறம் மாறியோ தொடங்குவது.

ரீசெட் அழுத்தினால் வேறு ஆட்டம் வருகிறது என்பதும் பலரைப் பயமுறுத்தும். மெனுவே இல்லாத சில ‘4 இன் 1’ கேசட்டுகள் அப்படித்தான் கட்டப்பட்டவை. ஒவ்வொரு ரீசெட்டுக்கும் அடுத்த ஆட்டத்துக்கு நகரும். நீங்கள் எப்போதும் பவரை அணைத்து அணைத்துப் போட்டால் முதல் ஆட்டம் மட்டுமே கிடைக்கும், மற்ற மூன்றும் இருப்பதே தெரியாது. ஒரே ஆட்டம்தான் இருக்கிறது என்று நினைக்கும் கேசட்டில் ரீசெட்டை நாலைந்து தடவை அழுத்திப் பாருங்கள்.

ஒரு தேர்வு மட்டும் குப்பைப் படம் காட்டி நின்றால் வேறு கதை. மெமரியின் அந்தப் பகுதிக்குப் போகும் ஒரு முகவரிப் பின்னில் தொடர்பு இல்லை என்று அர்த்தம். மறுபடி துடையுங்கள்.

அட்டையில் ஒன்று, உள்ளே இன்னொன்று

‘மாரியோ 14’ என்ற கேசட்டில் ஓடுவது ‘கைகெட்ஸு யாஞ்சமாரு 3’ என்ற ஆட்டத்தில் தலை மட்டும் மாற்றப்பட்ட மாரியோ. ‘7 கிராண்ட் டேட்’ என்று தலைப்புத் திரையில் வருவது ஃப்ளின்ட்ஸ்டோன்ஸ் ஆட்டம். ‘போகிமான் டயமண்ட்’, ‘ஜேட்’ என்று கேம்பாய் கலருக்கு வந்தவை ‘டெலிஃபாங்’ என்ற வேறொரு ஆட்டத்தின் பவர், ஸ்பீடு பதிப்புகள். எனவே பிகாச்சுவைத் தேடி அலைய வேண்டாம், அதில் இல்லை. ஒரு கட்டத்தைத் தாண்ட முடியாமல் தவித்தால் மூல ஆட்டத்தின் வழிகாட்டியைத் தேடுங்கள், பெரும்பாலும் அப்படியே பொருந்தும்.

‘சோமாரி’யில் சோனிக்கின் லாபிரிந்த் ஜோன் என்ற கட்டம் எங்கே என்றும் கேட்கிறார்கள். அது சேர்க்கப்படவே இல்லை. சோனிக் 2இலிருந்து ஸ்பின் டாஷ் என்ற உருண்டு பாயும் அசைவு மட்டும் வந்து சேர்ந்திருக்கிறது.

சேவ் நிற்கவில்லை

கேட்கப்படும் கேள்விகளில் பாதி இதுதான். காரணமும் பலவிதம், எனவே செய்தியை வார்த்தை வார்த்தையாகப் படித்துவிட்டு இறங்குங்கள்.

அணைத்ததும் சேவ் போய்விடுகிறது என்றால் முதலில் பேட்டரி. கேம்பாய் கேசட்டில் சேவ் ஒரு மெமரிச் சிப்பில் இருக்கும், அதை உயிரோடு வைத்திருப்பது ஒரு 3 வோல்ட் பட்டன் பேட்டரி. மல்டிமீட்டரில் அளந்து பாருங்கள். 3க்குப் பக்கத்தில் இல்லை என்றால் மாற்ற வேண்டும். மாற்றும்போது சேவ் அழியும், எனவே முன்கூட்டியே ஜிபிஎக்ஸ்கார்ட் போன்ற கருவியால் கணினிக்கு எடுத்துவிடுங்கள். கால் வைத்த பேட்டரியை வாங்குங்கள். பேட்டரியின் உடம்பிலேயே நேராகச் சால்டர் வைத்தால் அது வெடிக்கக்கூடும். திறந்து பார்த்தால் பேட்டரிக்கு இடம் அச்சிட்டிருந்து பேட்டரியே இல்லாத போர்டுகளும் உண்டு. சேவ் சிப்பும் இல்லையென்றால் அந்தக் கேசட் ஒருநாளும் சேவ் செய்திருக்காது.

போகிமான் ரூபி, சஃபையர், எமரால்டு நகல்களில் ஆட்டம் தொடங்கும்போது உள் பேட்டரி தீர்ந்துவிட்டது என்று செய்தி வருகிறதா? அசல் கேசட்டில் அந்தப் பேட்டரி கடிகாரத்துக்கானது, சேவுக்கானது அல்ல. நகல் போர்டில் பெரும்பாலும் கடிகாரச் சிப்பே கிடையாது, ஆகவே புத்தம் புது பேட்டரி போட்டாலும் அந்தச் செய்தி போகாது. நேரத்தைச் சார்ந்த சில நிகழ்வுகள் நடக்காது, மற்றபடி விளையாடலாம்.

‘1எம் சப் சர்க்யூட் போர்டு’ பொருத்தப்படவில்லை என்ற செய்தி வேறு. ஆட்டம் 128 கிலோபைட் ஃபிளாஷ் மெமரியைத் தேடி, கிடைக்காமல் சொல்வது அது. எமுலேட்டரில், அதாவது கன்சோலைப் போல் நடிக்கும் கணினி நிரலில், வந்தால் சேவ் வகையை 128 கிலோபைட் ஃபிளாஷ் என்று மாற்றுங்கள், தீர்ந்துவிடும். கேசட்டில் வந்தால் அந்தப் போர்டுக்கு ஏற்றபடி ஆட்டத்தின் சேவ் பகுதி திருத்தப்படவில்லை. சரியாகத் திருத்திய பிரதியை மறுபடி எழுதினால்தான் வழி. போர்டு எழுத அனுமதிக்கும் வகையாக இருக்க வேண்டும்.

இன்னொன்று மனதை நோகடிக்கும். போகிமான் நகலில் சாம்பியன் ஆகி, பெருமை மண்டபத்தில் பதிவு முடிந்து, மறுபடி ஆன் செய்தால் எல்லாமே காணோம். இந்த ஆட்டங்கள் இரண்டு இடங்களில் மாறி மாறிச் சேவ் செய்யும். வெற்றிப் பதிவை அவற்றுக்கு அப்பால் தனிப் பகுதியில் எழுதும். மெமரியைக் குறைத்துவிட்ட போர்டில் அந்தத் தனிப் பகுதி கிடையாது, எழுத்து சுற்றி வந்து பழைய சேவின் மேலேயே விழலாம். நாள் கணக்கில் உழைத்து வளர்த்ததை இப்படி இழப்பது எந்தப் பிள்ளைக்கும் நடக்கக் கூடாது. நகல் கேசட் என்று தெரிந்தால் கடைசிச் சண்டைக்கு முன் சேவைக் கணினிக்கு எடுத்து வையுங்கள்.

நடுவில் உறைந்து நிற்கிறது

எப்போது நிற்கிறது என்று கவனியுங்கள். எப்போதும் ஒரே இடம் என்றால் காரணம் மென்பொருளில், எங்கெங்கோ என்றால் மின்சாரத்தில்.

கொஞ்ச நேரம் ஓடி, சூடானதும் நிற்பது என்றால் கன்சோலுக்குள் இருக்கும் 7805 வோல்டேஜ் சிப்பைப் பாருங்கள். வெளியே 5 வோல்ட்டுக்கு நெருக்கமாக வர வேண்டும். கேசட்டைத் தட்டினால் நிற்கிறது என்றால் சால்டர் விரிசல், மறுபடி உருக்கிவிடுங்கள். காரணமே தெரியாமல் நின்றால் போர்டில் சிப்பின் பவர் கால்களுக்கு அருகே ஒரு சிறு கெபாசிட்டர் இருக்கிறதா பாருங்கள். செலவைக் குறைக்க அதை விட்டுவிடுவது வழக்கம். 0.1 மைக்ரோஃபாரட் ஒன்றைப் பவருக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் வைத்தால் பல கேசட்டுகள் அமைதியாகும். புதிய நகல்களில் 3.3 வோல்ட் சிப்பை இடையில் எதுவும் இல்லாமல் 5 வோல்ட் கன்சோலில் நேராக இணைத்திருப்பார்கள். அது சிப்பையும் வருத்தும், கன்சோலையும் வருத்தும். அத்தகைய கேசட்டை அரிய கன்சோலில் போடாதீர்கள்.

ஒரே இடத்தில் நிற்பதற்குப் புகழ்பெற்ற உதாரணம், அமெரிக்காவில் 1995இல் வந்த ‘எர்த்பவுண்ட்’. கேசட்டின் சேவ் மெமரி அளவைச் சோதித்து, தன்னுடையதல்ல என்று தெரிந்தால் எதிரிகளைப் பெருக்கும். அதையும் தாங்கி ஒருவர் கடைசிச் சண்டை வரை வந்துவிட்டால் அங்கே உறைந்து, சேவையும் அழித்துவிடும். வழியெங்கும் எதிரிகள் நெருக்கியடித்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

எமுலேட்டரில் டம்ப் திறக்கவில்லை

ஃபேமிகாம் கோப்பின் முதல் 16 பைட்டுகள், எந்த வகைப் போர்டு என்பதை ‘மேப்பர்’ எண்ணால் சொல்லும். உரிமம் இல்லாத ஆட்டங்களுக்குத் தனித்தனிப் போர்டுகள் என்பதால் இந்த எண் தவறினால் கறுப்புத் திரைதான். ‘சோமாரி’க்கு 116, நான்ஜிங் நிறுவனத்தின் ஃபேமிகாம் ‘ஃபைனல் ஃபேண்டஸி 7’க்கு 163, ஜேஒய் கம்பெனியின் பல ஆட்டங்களுக்கு 90.

பழைய கோப்பு என்றால் முகப்பை ஹெக்ஸ் எடிட்டரில் திறந்து ‘டிஸ்க்டியூட்!’ (DiskDude!) என்ற எழுத்துகள் இருக்கின்றனவா பாருங்கள். ஒரு பழைய கருவி விட்டுச்சென்ற தடம் அது. அதனால் மேப்பர் எண் 64 கூடிவிடும், 4 என்பது 68 ஆகிவிடும். எண்ணிக்கையை 0இலிருந்து தொடங்கினால் 7 முதல் 15 வரை உள்ள பைட்டுகளைப் பூஜ்யமாக்குங்கள். மேப்பர் 16 அல்லது அதற்கு மேல் என்றால் 7ஆவது பைட்டில் அதன் மேல் பாதியை மறுபடி எழுத வேண்டும்.

எண் சரி, படம் மட்டும் நடுங்குகிறது என்றால் பிராந்தியத்தை ‘டெண்டி’ ஆக்குங்கள். மெசன், எஃப்சிஇயூஎக்ஸ் ஆகிய எமுலேட்டர்களில் அந்தத் தேர்வு இருக்கிறது.

துப்பாக்கி சுடவில்லை, உருவங்கள் மினுங்குகின்றன

வாத்துச் சுடும் ஆட்டம் எல்சிடி டிவியில் வேலை செய்யாது. பழைய குழாய் டிவி திரையை வரையும் கணத்தைத் துப்பாக்கி எதிர்பார்க்கிறது. ஒரு வரிசையில் 8 உருவங்களுக்கு மேல் வந்தால் மினுங்குவது ஃபேமிகாமின் எல்லை, அசலிலும் நடக்கும்.

கையடக்கப் பெட்டி ஆன் ஆகவில்லை

‘400 இன் 1’ வகைச் சிறு கருவிகளில் பெரும்பாலும் பிஎல்-5சி என்ற பழைய கைபேசி பேட்டரிதான் இருக்கும். பின்மூடி உப்பியிருந்தால் சார்ஜ் செய்யாமல், குத்தாமல் எடுத்து மின்கழிவில் சேர்த்துவிட்டு வேறொன்று போடுங்கள்.

எதற்கும் அசையாத கேசட்

திறந்தால் கறுப்பு மெழுகுத் துளி போல ஒன்று போர்டில் உட்கார்ந்திருக்கும். அதற்கடியில் உறையில்லாத சிப் இருக்கிறது, மாற்ற வழியில்லை, சுரண்டினால் செத்தது. செய்யக்கூடியது ஒன்றுதான்: மல்டிமீட்டரை வைத்து ஒவ்வொரு பின்னிலிருந்தும் துளி வரை செல்லும் தடத்தைத் தொட்டுப் பாருங்கள். அறுந்த தடம் கிடைத்தால் மெல்லிய கம்பியால் இணைத்துவிடலாம். தடங்கள் எல்லாம் சரியாக இருந்தும் ஓடவில்லை என்றால் போர்டின் இரு பக்கத்தையும் அட்டையையும் நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து வையுங்கள். போர்டில் அச்சான எண்ணை வைத்தே அதே வகை வேறொரு கேசட்டின் மேப்பரைக் கண்டுபிடித்துவிடலாம். அந்த எண் படத்தில் தெளிவாகத் தெரிகிறதா என்று பெரிதாக்கிப் பார்த்த பிறகு மூடுங்கள்.